கொடிமலைக் கல்லும் அத்தையின் அம்மியும்: பினாங்கு நாட்குறிப்பு

முதல் நாள், புதன்

கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலில் காலையில் ரயில் ஏறி, மதியம் பட்டர்வொர்த்தில் இறங்கினேன். ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக நின்றன. அப்புறம் செம்பனை, வயல், மறுபடி செம்பனை.

அப்பாவின் தங்கை பினாங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. மாமாவுக்குத் தொண்டையில் புற்றுநோய், கதிர் சிகிச்சை நடக்கிறது. கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு ஒரு வாரம் உடனிருக்க வந்திருக்கிறேன். நான் அணுக்கரு இயற்பியல் படித்தவள். முனைவர் பட்டத்துக்காக ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் ஃபோட்டான் (ஒளித் துகள்) கற்றையோடும் டிடெக்டர்களோடும் நாலரை வருஷம் இருந்தேன். மாமாவுக்குக் கொடுப்பதும் ஃபோட்டான் கற்றைதான். அத்தை போனில், “நீ படிச்சது இதத்தானே, வந்து எனக்குப் புரியும்படி சொல்லேன்” என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே கிளம்பினேன் என்று சொல்லலாம்.

பையில் ஒரு சின்ன டிடெக்டர் உண்டு. கற்கண்டு அளவுக்கு ஒரு சீசியம் அயோடைடு படிகம். காமா ஃபோட்டான் அதற்குள் விழுந்தால் மெல்லிய ஒளி மின்னும், ஒட்டியிருக்கும் சிலிக்கான் சில்லு அதை எண்ணும், போன் திரையில் எண் ஓடும். கோலாலம்பூருக்கு வந்த விமானம் மேலே போனதும் அந்த எண் தரையில் இருந்ததைப்போலப் பல மடங்கானது. அது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் வேலை.

ஆனால் எனக்குப் பிடித்தது படகுப் பயணம்தான். பட்டர்வொர்த் துறையில் நின்றபோது ஓரளவுக்கு ஓடிக்கொண்டிருந்த எண்ணிக்கை, படகு நீரிணையின் நடுவுக்கு வந்ததும் சரசரவென்று இறங்கியது. தரையில் நாம் எங்கே நின்றாலும் மண்ணிலும் கல்லிலும் சுவரிலும் இருக்கிற யுரேனியம், தோரியம், பொட்டாசியம் மூன்றும் காமா ஃபோட்டான்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கடல் நடுவில் கீழே இருப்பது பல மீட்டர் தண்ணீர். கடலடி மண்ணிலிருந்து வருவதைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது. மிச்சம் இருப்பது வானத்திலிருந்து வருவதும், படகும், என் உடம்பில் உள்ள பொட்டாசியமும்தான். பக்கத்தில் நின்ற பெரியவர் திரையை எட்டிப் பார்த்து, “என்னம்மா, மீன் தேடுற மெஷினா?” என்றார். விளக்கினேன். ஜார்ஜ் டவுன் கரை நெருங்க நெருங்க எண் ஏறுவதை அவரே கடைசி வரை பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, “ஊரு பக்கத்துல வந்துருச்சுன்னு கல்லு சொல்லுதா?” என்று கேட்டார். ஆமாம் ஐயா, அதேதான்.

அத்தை வீடு ஆயர் ஈத்தாமில், கொடிமலையின் அடிவாரத்துக்குப் பக்கத்தில். பழைய வரிசை வீடு. அடுக்களையில் ஓர் அம்மி. அத்தையின் மாமியார் 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியபோது சீலைகளோடு சுமந்துவந்தது. டிடெக்டரை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. அத்தை சோறு போட்டுவிட்டார்.

இரண்டாம் நாள், வியாழன்

காலை ஏழரைக்கு மருத்துவமனை. மாமாவுக்கு மொத்தம் 35 அமர்வுகள், ஒவ்வொன்றிலும் 2 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). இன்று 22-ஆவது. முகத்துக்கென்று வலைபோல ஒரு பிளாஸ்டிக் மூடி. சூட்டில் இளக்கி அவர் முக அளவுக்கே வார்த்தது. அதை மாட்டிப் படுக்கையோடு பூட்டினால் தலை இம்மியும் அசையாது. அந்த மூடி வரிசையாகத் தொங்கும் மூடிகளுக்கு நடுவே மாமா பெயரோடு தொங்குவதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. மைன்ஸில் கற்றை அறையின் கதவு மூடும்போது உள்ளே இருந்தது ஈயமும் ஹைட்ரஜனும். இங்கே உள்ளே இருப்பது மாமா.

அங்கிருந்த மருத்துவ இயற்பியலாளர் ஒரு தமிழ்ப் பெண். ஒரே துறை என்று தெரிந்ததும் நின்று பேசினார். தினமும் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் அயனி அறை டிடெக்டரை (கதிர் பட்டால் உள்ளிருக்கும் வாயுவில் மின்சாரம் உண்டாகும், அதை அளப்பது) வைத்துக் கற்றையின் அளவைச் சரிபார்க்கிறார்கள். இயந்திரத்தின் தலைக்குள்ளேயே இன்னும் இரண்டு அயனி அறைகள், கற்றை தங்களைத் தாண்டும் ஒவ்வொரு கணமும் எண்ணிக்கொண்டிருக்கும். கணக்கு நிறைந்ததும் கற்றை தானாக நிற்கும்.

லினாக் (நேர்கோட்டு முடுக்கி) என்ற இந்த இயந்திரம் செய்வது இதுதான். எலக்ட்ரான்களை மைக்ரோ அலைகளின்மேல் ஏற்றி ஒரு குழாயில் முடுக்குகிறது. சுமார் 6 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், நாங்கள் 6 எம்.இ.வி. என்போம். அந்த எலக்ட்ரான்கள் ஒரு டங்ஸ்டன் துண்டில் போய் மோதுகின்றன. கன அணுக்கருக்களின் பக்கத்தில் போகும்போது திடுமென்று வேகம் குறைகிறது, இழந்த ஆற்றல் ஃபோட்டானாகப் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்த பெயர் பிரெம்ஸ்ஸ்ட்ராலுங், அதாவது பிரேக் போட்டதால் வந்த கதிர். ஒரு எலக்ட்ரான் கொஞ்சம் இழக்கும், இன்னொன்று நிறைய இழக்கும். அதனால் ‘6 எம்.வி. கற்றை’ என்ற பெயரில் வருவது 0 முதல் 6 எம்.இ.வி. வரை எல்லா ஆற்றலும் கலந்த ஃபோட்டான் கூட்டம். சராசரி மூன்றில் ஒரு பங்கு அளவுதான். சிகிச்சைக்கு இந்தக் கலவை போதும், மொத்தம் எவ்வளவு ஆற்றல் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதுதான் அங்கே கேள்வி.

அணுக்கருவைப் படிக்க இது போதாது. எந்த ஆற்றலுள்ள ஃபோட்டான் கருவை அடித்தது என்று தெரியாமல், கரு காட்டிய பதிலை வைத்து என்ன செய்வது?

வீட்டுக்கு வந்ததும் மாமா சிலேட்டில் எழுதிக் கேட்டார், ‘அங்கேயும் இதே மெஷினா?’ குரல் இப்போது காற்றாகத்தான் வருகிறது. மாமா துறைமுகத்தில் டாலி கிளார்க்காக முப்பது வருஷம் வேலை பார்த்தவர். கப்பலில் ஏறும், இறங்கும் சரக்கை எண்ணுகிற வேலை. அவருக்குச் சொல்வது சுலபமாக இருந்தது.

“மாமா, கப்பல் 1,604 பெட்டியோட வருது. கொட்டகைக்குள்ள எத்தனை இறக்குனாங்கன்னு நீங்க பார்க்க முடியாது. கப்பல் வெளிய போகும்போது எண்ணுறீங்க, 1,354 இருக்கு. அப்ப எத்தனை இறங்கியிருக்கும்?”

மாமா 250 என்று எழுதினார். அதன் கீழே இரண்டு கோடு போட்டார், ஆபீஸ் பழக்கம்.

மைன்ஸில் மாமி என்ற முடுக்கி (ஆமாம், பெயரே அப்படித்தான்) எலக்ட்ரானை 1,604 எம்.இ.வி. வரைக்கும் கொண்டுபோகும். அந்த எலக்ட்ரான் மெல்லிய தகடு ஒன்றைத் தாண்டும்போது எப்போதாவது ஒன்று பிரேக் போட்டு ஒரு ஃபோட்டானை விடுகிறது. ஃபோட்டான் நேராக இலக்கைப் பார்த்துப் போய்விடும். ஆற்றல் இழந்த எலக்ட்ரானை ஒரு பெரிய காந்தம் வளைக்கிறது. அதிகம் இழந்தது அதிகம் வளையும். வளைந்த பாதையின் முடிவில் குட்டி டிடெக்டர்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நிற்கின்றன. எது துடித்தது என்று பார்த்தால் எலக்ட்ரானிடம் மிச்சம் எவ்வளவு என்று தெரியும். 1,604-இலிருந்து கழித்தால் ஃபோட்டானின் ஆற்றல் கையில். ஃபோட்டானைத் தொடவே இல்லை, கப்பலை மட்டும் எண்ணினோம். இதற்கு டேகிங் என்று பெயர், ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஒரு சீட்டு கட்டி அனுப்புவது. இலக்கில் ஏதாவது நடந்தால், அந்த நேரத்தோடு சில நானோநொடிக்குள் பொருந்துகிற எலக்ட்ரான் எது என்று தேடி இரண்டையும் ஜோடி சேர்ப்போம்.

மாமா வெகுநேரம் சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: ‘ரெண்டு கப்பல் ஒண்ணா வந்தா?’

நாற்பது வயதுப் பேராசிரியர்கள் யோசித்துக் கேட்கும் கேள்வி இது. அதுதான் டேகிங்கின் எல்லை. எலக்ட்ரான்கள் அதிகமாக வந்தால் எந்த எலக்ட்ரான் எந்த ஃபோட்டானுக்கு உரியது என்று குழம்பிவிடும். அதனால்தான் நொடிக்குச் சில கோடி ஃபோட்டான்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரவு அத்தை அடுக்களையில் தனியாகக் கேட்டார். “பேத்தி வந்தா தாத்தா மடியில உக்காரும். கதிர் அவர் உடம்புல தங்கியிருக்கும்னு நானே பிள்ளைய ஒதுக்கி வச்சிருக்கேன். சரிதானே?”

இல்லை அத்தை. வெளியிலிருந்து கொடுக்கும் இந்த ஃபோட்டான் கற்றை, விளக்கை அணைத்ததும் வெளிச்சம் போய்விடுவதைப்போலத்தான். அணுக்கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பிடுங்கி அதைக் கதிரியக்கப் பொருளாக மாற்ற வேண்டுமானால் ஃபோட்டானுக்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வேண்டும். ஈயத்துக்கும் டங்ஸ்டனுக்கும் அது ஏறக்குறைய 6, 7 எம்.இ.வி. நம் உடம்பிலுள்ள கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் 15-க்கும் மேல். மாமாவுக்குக் கொடுக்கிற கற்றை அந்த வாசற்படியைத் தொடுவதில்லை. இதை முதல் நாளே யாராவது அத்தையிடம் சொல்லியிருக்க வேண்டும். நாலு வாரம் ஒரு குழந்தை தாத்தாவிடம் போகாமல் இருந்திருக்கிறது.

மூன்றாம் நாள், வெள்ளி

காலை முழுக்க மழை. மாமாவுக்கு 23 முடிந்தது.

சாயங்காலம் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833-இல் கட்டியது. கூட்டம் அதிகமில்லை. வெளியே வந்து மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய டீ.

மைனி (அத்தையின் மகள்) பாயான் லெப்பாஸில் சிப் பேக்கேஜிங் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறார். பேச்சுவாக்கில், பொருள் வாங்கும்போது ‘லோ ஆல்ஃபா’ என்று தனியாகக் கேட்டு வாங்குவோம் என்றார். ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லையாம். 1978-இல் இன்டெல்லில் டிமோத்தி மே, முர்ரே வுட்ஸ் என்ற இருவர் கண்டுபிடித்த விஷயம் அது. நினைவகச் சில்லுகளில் காரணமில்லாமல் 0 ஒன்றாகவும் 1 சுழியாகவும் மாறிக்கொண்டிருந்தது. சில்லை மூடியிருந்த பீங்கானில் துளியளவு யுரேனியமும் தோரியமும் இருந்தன. அவை விடுகிற ஆல்ஃபாத் துகள்கள்தான் சில்லுக்குள் மின்னூட்டத்தைக் கொட்டிக் கணக்கைக் குலைத்தன. வேறொரு விதமாகப் பார்த்தால், அந்தச் சில்லுகள் தெரியாமலேயே டிடெக்டராக வேலை செய்திருக்கின்றன. ஆல்ஃபாவைச் சிலிக்கானில் பிடிப்பதை நாங்கள் வேண்டுமென்றே செய்கிறோம்.

மைனியின் நண்பர் இங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறார். அந்த அண்ணன் இரண்டு அங்குல சோடியம் அயோடைடு டிடெக்டரை மூன்று நாளைக்குக் கொடுத்தார். அலுமினியக் குடுவைக்குள் படிகம், அதன் பின்னால் ஒளிப்பெருக்கிக் குழாய், ஒரே கம்பியில் மடிக்கணினியோடு சேர்ந்துவிடும். ராபர்ட் ஹோஃப்ஸ்டாட்டர் 1948-இல் கொண்டுவந்த படிகம் இது. தாலியம் கொஞ்சம் சேர்த்த சோடியம் அயோடைடு, ஒரு எம்.இ.வி.க்கு சுமார் 38,000 ஒளித் துணுக்குகளைத் தரும். அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன. ஜெர்மேனியம் டிடெக்டர் ஆற்றலைப் பல மடங்கு துல்லியமாகப் பிரிக்கும். ஆனால் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிர்விக்க வேண்டும். தெருவில் எடுத்துக்கொண்டு நடக்க சோடியம் அயோடைடுதான்.

அதற்கு ஒரே எதிரி ஈரம். உப்புக்குச் சொந்தக்காரனாயிற்றே, காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், மூடியின் ஒட்டு விட்டுப்போன ஒரு படிகம் ஒரு மழைக்காலத்துக்குள் மஞ்சளாகிப் பால் படிந்ததுபோல ஆகிவிட்டது. கவனித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. ஒளி உள்ளேயே மங்கி, ஆற்றல் வரைபடத்தில் கூர்மையாக இருந்த சிகரங்கள் எல்லாம் பரந்து போயின. அந்தக் கஷ்டம் இன்னும் மனதில் இருக்கிறது. பினாங்கு ஈரத்தில் அண்ணன் கொடுத்த குடுவையை மூன்று பிளாஸ்டிக் உறையில் சுற்றித்தான் கொண்டுவந்தேன்.

இரவு அடுக்களையில் முதல் அளவை. அம்மியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் டிடெக்டரை வைத்து எட்டு மணி நேரம் ஓடவிட்டிருக்கிறேன். அம்மி இல்லாத சமையலறை என்ன சொல்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

நான்காம் நாள், சனி

இன்று சிகிச்சை இல்லை. மைனியின் மகளோடு கொடிமலைக்குப் போனேன். இரண்டாம் படிவம் படிக்கிறாள், என்னை அத்தை என்பாள். மலை ரயில் 1923 முதல் ஓடுகிறது. இப்போதுள்ள வண்டி புதியது, வேகமாகவும் செங்குத்தாகவும் ஏறுகிறது. பாதையோரம் வெட்டிவிட்ட கருங்கல் முகங்கள் ஈரத்தில் மின்னின. பினாங்குத் தீவே பெரும்பாலும் கருங்கல்தான். கருங்கல்லில் மற்ற பல பாறைகளைவிட தோரியம், யுரேனியம், பொட்டாசியம் மூன்றும் கூடுதல். பயப்பட ஒன்றுமில்லை, மலைநாட்டில் வாழும் எல்லோரும் இப்படித்தான் வாழ்கிறார்கள்.

மேலே கூட்டத்திலிருந்து விலகி, மரங்களுக்கு நடுவே ஒரு பாறையில் டிடெக்டரை நிறுத்தினோம். முதல் அரைமணி நேரம் வீண். வீட்டில் சரிசெய்து வைத்திருந்த அளவுகோல் இங்கே தள்ளிப்போயிற்று. ஊரைவிட மேலே குளிர்ச்சி. வெப்பநிலை மாறினால் படிகத்தின் ஒளியும் குழாயின் பெருக்கமும் மாறும், அதனால் 1,461 கி.இ.வி.யில் (ஆயிரம் கி.இ.வி. ஒரு எம்.இ.வி.) நிற்க வேண்டிய பொட்டாசியம் சிகரம் வேறெங்கோ நின்றது. குடுவை முழுக்கக் காற்றின் குளிர்ச்சிக்கு வரும்வரை காத்திருந்தோம். பிறகு பாறையிலுள்ள பொட்டாசியத்தை வைத்தே அளவுகோலைத் திருத்திக்கொண்டேன். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிவராது. சின்னவள் பொறுமையாக இருந்தாள்.

அப்புறம் எந்த ஆற்றலில் எத்தனை ஃபோட்டான் என்று காட்டும் படம் வளர ஆரம்பித்தது. இடது பக்கம் உயர்ந்த சரிவு, நடுவே பொட்டாசியம் ஒரு குன்று, அங்கங்கே யுரேனியத்தின் வழியில் வந்த பிஸ்மத்-214. எல்லாம் தாழ்ந்துபோன பிறகு, வலதுகோடியில் தனியாக ஒரு சின்ன மேடு எழுந்தது. 2,614.5 கி.இ.வி. அதற்கு வலப்பக்கம் ஏறக்குறைய வெறுமை. பூமியிலிருந்து இயல்பாக நமக்குக் கிடைக்கும் வலுவான காமாக் கோடுகளில் இதுதான் உச்சம்.

“இது எங்கேருந்து வருது அத்தை?”

கல்லுக்குள் இருக்கும் தோரியம்-232-இலிருந்து. அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. அது சிதைந்து, இன்னொன்றாகி, அது இன்னொன்றாகிப் பல படி இறங்கி, தாலியம்-208 என்ற நிலைக்கு வரும். தாலியம் மூன்றே நிமிடத்தில் பாதி போய்விடும், போகும்போது ஈயம்-208 ஆகிறது. ஆனால் பிறக்கும்போது அந்த ஈயக் கரு அமைதியாகப் பிறப்பதில்லை, உருவம் நெளிந்து அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதிர்வு அடங்கும்போது வெளியே வருவதுதான் 2,614.5. தாலியம் கோடு என்று பெயர் சொன்னாலும் அந்த ஃபோட்டானைப் பெற்றது ஈயம்.

எங்கள் ஊர் மண்டைக்காட்டுப் பக்கம். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது என்று 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்தார். திருவாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் தடயம். மோனசைட்டில் தோரியம். அந்தத் தோரியம் அப்போது தேவைப்பட்டது பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் வலைக்கு. இங்கே பேராக் பக்கம் ஈயம் எடுத்த பிறகு மிஞ்சும் ஆமாங் மணலிலும் அதே மோனசைட் உண்டு. (மலேசியத் தமிழில் ‘ஈயச் சுரங்கம்’ என்றால் வெள்ளீயம். என் ஈயம் காரீயம். சின்னவள் இதைக் கேட்டுத் தெளிந்துகொண்டாள்.)

1934-இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக்கிடம் மாரிஸ் கோல்ட்ஹாபர் என்ற மாணவர் ஒரு யோசனை சொன்னார். ஜெர்மனியை விட்டு வந்து சேர்ந்த அகதி, வயது 23. கன ஹைட்ரஜனின் கருவில் ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்திருக்கின்றன, போதுமான ஆற்றலுள்ள காமா பட்டால் பிரியுமே என்றார். ரேடியத்தின் காமாவை வைத்துப் பார்த்தால் எதுவும் நடக்கவில்லை, ஆற்றல் போதவில்லை. தோரியம் தொடரின் இந்த 2.6 எம்.இ.வி. காமாவை வைத்ததும் பிரிந்தது. பிரிக்கத் தேவைப்படுவது 2.22. மிச்சமிருக்கும் 0.39-ஐ புரோட்டானும் நியூட்ரானும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டு ஓடுகின்றன. அந்தப் புரோட்டான் ஓர் அயனி அறையில் விட்ட சின்ன மின்துடிப்பை அளந்து, நியூட்ரான் ஹைட்ரஜன் அணுவைவிடக் கனமானது என்று அவர்கள் நிறுவினார்கள். ஃபோட்டானை வைத்துக் கருவை உடைத்த முதல் சோதனை அது. அதற்கு முடுக்கியும் இல்லை, காந்தமும் இல்லை. இந்தப் பாறையிலிருந்து வருகிற அதே ஃபோட்டான்.

இது ஏன் நடந்தது என்றால், அந்த ஃபோட்டானின் ஆற்றல் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. இயற்கையே சீட்டு கட்டி அனுப்பிய ஃபோட்டான். குறை ஒன்றுதான், ஆற்றலை மாற்ற முடியாது. 2.6 வேண்டுமென்றால் உண்டு, 5 வேண்டுமென்றால் இல்லை. 1937-இல் போத்தேவும் கெண்ட்னரும் லித்தியத்தைப் புரோட்டானால் அடித்து 17 எம்.இ.வி. பெற்றார்கள், அதுவும் ஒரே விலை. அதற்குப் பிறகு கட்டிய ஃபோட்டான் கற்றை நிலையங்கள் எல்லாம், எனக்கு இந்த ஆற்றல் வேண்டும் என்று கேட்டு வாங்குவதற்காகத்தான்.

இருட்டும் முன் இறங்கினோம். இரவு அம்மியை உள்ளே தூக்கிவந்து டிடெக்டரை அதன்மேல் வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

காலையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மைனியின் தம்பி வந்தார். நாலு வயது. ஒரு மாதத்துக்குப் பிறகு தாத்தா மடியில் ஏறி உட்கார்ந்தாள். அத்தை அடுக்களைக்குப் போய்விட்டார், கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

சாயங்காலம் வீட்டு முன்னால் பிள்ளைகள் பேட்மிண்டன் ஆடினார்கள். மாமாவுக்கு அதைக் காட்டித்தான் இன்னொரு வகைக் கற்றையைச் சொன்னேன். இறகுப்பந்து மெதுவாக மிதந்து வருகிறது, மட்டை எதிரே வேகமாக வருகிறது, பட்டதும் பந்து பறக்கிறது. பந்து என்பது லேசர் ஒளியின் ஒரு ஃபோட்டான், வெறும் 1 அல்லது 2 எலக்ட்ரான் வோல்ட். மட்டை என்பது வளையத்தில் சுற்றிவரும் எலக்ட்ரான். 1,000 எம்.இ.வி. எலக்ட்ரான் மீது 1 எலக்ட்ரான் வோல்ட் ஒளி நேருக்கு நேர் மோதித் திரும்பினால், அது ஏறக்குறைய 15 எம்.இ.வி. காமாவாகத் திரும்பும். ஒன்றரைக் கோடி மடங்கு. நேராகத் திரும்பியவற்றை மட்டும் ஒரு சின்னத் துளை வழியே விட்டால், கிட்டத்தட்ட ஒரே ஆற்றலுள்ள கற்றை கிடைக்கும். எலக்ட்ரானின் ஆற்றலை மாற்றினால் காமாவின் ஆற்றலும் மாறும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்திலுள்ள நிலையம் இப்படித்தான் இயங்குகிறது. ஜப்பானில் ஸ்பிரிங்-8 வளையத்தில் 8,000 எம்.இ.வி. எலக்ட்ரான் மீது புற ஊதா லேசரை விட்டு 2,400 எம்.இ.வி. வரை எடுத்தார்கள்.

மாமா எழுதினார்: ‘நீ என்ன எண்ணினே?’

நான் எண்ணியது ஒளி. மைன்ஸில் இலக்கைச் சுற்றி கிரிஸ்டல் பால் என்ற உருண்டை இருக்கிறது. 672 சோடியம் அயோடைடு படிகங்கள், ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம், நுனி எல்லாம் மையத்தைப் பார்த்திருக்கும். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் கட்டியது. அங்கிருந்து ஹாம்பர்க், பிறகு அமெரிக்காவின் புரூக்ஹேவன், பிறகு மைன்ஸ். ஈரம் படாமல் அத்தனை கடல் தாண்டியது.

அங்கே ஈயம்-208-ஐ இலக்காக வைத்து ஒரு சோதனை செய்தார்கள், முடிவு 2014-இல் வந்தது. அந்தக் கருவில் 82 புரோட்டான், 126 நியூட்ரான். நியூட்ரான்கள் கூடுதல் என்பதால் அவை மேற்புறத்தில் ஒரு தோலைப்போல வெளியே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தோல் எவ்வளவு தடிமன்? புரோட்டான்களின் பரவலை எலக்ட்ரானால் அளந்தாகிவிட்டது. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் அது எலக்ட்ரானுக்கு நன்றாகத் தட்டுப்படாது. சீட்டு கட்டிய ஃபோட்டான் ஈயக் கருவில் பட்டு, கருவை உடைக்காமல் ஒரு நடுநிலைப் பயோனை (மின்னூட்டமில்லாத, கணநேரமே வாழும் துகள்) பிறப்பிக்கும்போது, புரோட்டானும் நியூட்ரானும் ஏறக்குறையச் சமமாகப் பங்களிக்கின்றன. அந்தப் பயோன் பிறந்த கையோடு இரண்டு ஃபோட்டான்களாகப் பிரியும். இரண்டையும் உருண்டையில் பிடித்து, ஆற்றலையும் கோணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 135 எம்.இ.வி. நிறை வரவேண்டும். வந்தால் அது பயோன். எந்தெந்தக் கோணத்தில் எத்தனை என்ற வரிவடிவத்திலிருந்து கருவின் முழு உருவம் கிடைக்கும். தோலின் தடிமன் 0.15 ஃபெர்மி என்று வந்தது (ஒரு ஃபெர்மி என்பது ஒரு மில்லிமீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). பிறகு 2021-இல் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் எலக்ட்ரானை வேறொரு வழியில் சிதறவிட்டு அளந்தவர்கள் 0.28 என்றார்கள். இரண்டும் சரியாக ஒத்துப்போகவில்லை. இந்தத் தோலின் தடிமன் தெரிந்தால் நியூட்ரான் விண்மீனின் அளவைக் கணிக்க முடியும் என்பதால் இது சின்னச் சண்டை இல்லை. என் மனம் மைன்ஸ் பக்கம் சாயும், ஆனால் புதிய அளவை வராமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

மாமா வெகுநேரம் கழித்து எழுதினார்: ‘அந்த ஈயம்தான் மலையிலயுமா?’

ஆமாம் மாமா. மலையில் அது ஃபோட்டானைத் தருகிறது. மைன்ஸில் அது ஃபோட்டானை வாங்குகிறது.

ஆறாம் நாள், திங்கள்

மாமாவுக்கு 24. இன்று கொஞ்சம் கஞ்சி இறங்கியது.

இரண்டு இரவுகளின் படங்களையும் சின்னவளும் நானும் பள்ளி விட்டு வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தோம். அம்மி இல்லாத இரவிலும் 2,614.5-இல் மேடு இருக்கிறது, வீட்டுச் சுவரும் தரையும் தருவது. அம்மி இருந்த இரவில் மேடு கொஞ்சம் உயரம். கொஞ்சம் என்றால் நம்பலாமா? எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழை என்று சொல்லிக்கொடுத்தேன், அவளே கணக்குப் போட்டாள். வித்தியாசம் பிழையைப்போல ஐந்து மடங்கு வந்தது. அம்மி தனக்குக் கீழே உள்ள தரையிலிருந்து வருவதைக் கொஞ்சம் மறைக்கவும் செய்யும், அப்படி இருந்தும் கூடியிருக்கிறது. குமரிப் பக்கத்துக் கல்.

சின்னவள் இன்னொரு இரவு வைத்துப் பார்க்கலாமா என்றாள். வைக்கலாம்தான், அண்ணனுக்கு நாளைக் காலையில் டிடெக்டரைத் திருப்பித் தர வேண்டும், இன்று இரவு மிச்சம் இருக்கிறது. அத்தையிடம் கேட்டோம். தேங்காய் துருவி வைத்தாயிற்று, அரைத்து முடித்து அம்மியைக் கழுவித் துடைத்துத் தருகிறேன், ஈரம் சுத்தமாகக் காய்ந்த பிறகுதான் அந்தக் குடுவையை அதன்மேல் வைக்க வேண்டும் என்றார்.

அடுக்களை வாசலில் உட்கார்ந்து காத்திருக்கிறோம்.